குழம்பில் ஊறிய ரொட்டி: லூயிசியானா நாட்குறிப்பு

வியாழன்

தம்பி லஃபாயெட்டில் படிக்கிறான். பல்கலைக்கழக விளையாட்டு அணிக்கே 'ரேஜிங் கேஜன்ஸ்' என்று பெயர் வைத்திருக்கும் ஊர். தெற்கு லூயிசியானாவில் குடியேறிய பிரெஞ்சு வழி மக்கள்தான் கேஜன்கள். போன வாரம் போனில், "அக்கா, இங்க புதுசா ஒரு சாண்ட்விச் கடை தொறந்திருக்காங்க. கேஜன் கடை. மத்தியானம் வரிசை ரோடு வரைக்கும் நிக்கிது, வர்றியா?" என்றான். ஹூஸ்டனிலிருந்து ஏறக்குறைய 215 மைல். ஒரு ரொட்டிக்கு இவ்வளவு பெட்ரோலா என்று வீட்டில் கேட்டார்கள். தம்பியைப் பார்த்து நாளாயிற்று என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஐ-10 நெடுஞ்சாலையில் போமான்ட் வரை எழுத ஒன்றுமில்லை. சபீன் ஆற்றைத் தாண்டினால் லூயிசியானா. லேக் சார்ல்ஸில் 1952-இல் கட்டிய பாலம் ஒன்று விருட்டென்று மேலேறி இறங்குகிறது. அதன் கைப்பிடிக் கம்பிகள் நெடுகக் குறுக்காக வைத்த துப்பாக்கிகளின் வடிவம். கடற்கொள்ளைக்காரன் ழான் லஃபீத் இந்தக் கரையோரம் திரிந்த கதையை நினைத்துச் செய்ததாம். கீழே எண்ணெய் ஆலைகள்.

ஜென்னிங்ஸ் தாண்டிய பிறகுதான் எனக்கு முழுசாகக் கண் விழித்தது. இரண்டு பக்கமும் வயல். தண்ணீர் கட்டியிருக்கிறார்கள், வரப்பு இருக்கிறது, கொக்கு நிற்கிறது. நாற்று மட்டும் இல்லை. அதற்குப் பதிலாகச் சிவப்பு வளையங்கள் வரிசை வரிசையாகத் தண்ணீருக்கு மேல் தலை நீட்டிக்கொண்டிருந்தன. எல்லாம் கம்பிவலைக் கூண்டுகளின் வாய். உள்ளே மாட்டுவது கிராஃபிஷ். விரல் நீளம் இருக்கும், முன்னால் இரண்டு கொடுக்கு, ஓடு கருஞ்சிவப்பு, நன்னீரில் வாழ்வது. பின்பக்கம் சக்கரம் வைத்த தட்டைப் படகில் ஒரு ஆள் வயலுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு போய், கூண்டைத் தூக்கி, கொட்டி, இரை போட்டு, திரும்ப வைத்துக்கொண்டிருந்தார். படகு நிற்கவே இல்லை.

தன்னை அரிசித் தலைநகரம் என்று சொல்லிக்கொள்ளும் க்ரௌலி இந்தப் பக்கம்தான். இங்கே ஒரே வயலில் இரண்டு வெள்ளாமை. வசந்தத்தில் நெல் விதைப்பார்கள். பயிர் வளர்ந்து நிற்கும்போதே, கோடைத் தொடக்கத்தில், தாய்க் கிராஃபிஷை வயலில் விட்டுவிடுவார்கள். அது சேற்றுக்குள் வளை தோண்டி இறங்கிவிடும். ஜூலை, ஆகஸ்டில் அறுவடை. இலையுதிர் காலத்தில் மறுபடி தண்ணீர் கட்டினால் தாய் குஞ்சுகளோடு வெளியே வரும். நெல்தாள் மக்கி அதில் உண்டாகும் பூச்சி புழுதான் தீனி. குளிர்காலம் தொடங்கி மே, ஜூன் வரை பிடிப்பு.

காரை ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குக் காரைக்கால். ஊரிலிருந்து நாகப்பட்டினம் போகும் வழியிலும் அதற்குத் தெற்கேயும் 1990-களில் வயல்கள் இறால் குட்டைகளான காலத்தில் நான் பள்ளிக்கூடப் பிள்ளை. அந்த இறாலுக்கு உப்புத் தண்ணீர் வேண்டும். உப்பு பக்கத்து வயலுக்குக் கசிந்தது, கிணற்றுக்கும் போனது. காந்தியவாதி எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது. 2005-இல் வந்த சட்டம் வேறு வாசலைத் திறந்துவிட்டது, அது தனிக் கதை. இங்கே கிராஃபிஷ் நன்னீர்ப் பிராணியாகப் போனதால் அதே மண் அடுத்த வருஷம் நெல்லுக்குத் திரும்புகிறது. புத்தி அதிகம், குறைவு என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பிராணி அப்படி.

சாயங்காலம் தம்பியை ஏற்றிக்கொண்டு ஸ்காட். லஃபாயெட்டை ஒட்டிய சின்ன ஊர். பூடான் என்பது இந்தப் பக்கத்துத் தொத்திறைச்சி; இந்த ஊருக்கு 'உலகத்தின் பூடான் தலைநகரம்' என்று மாநிலச் சட்டமன்றமே பட்டம் கொடுத்திருக்கிறது. பன்றி இறைச்சி, ஈரல், வெங்காயம், வெங்காயத்தாள், மிளகு, நிறையச் சோறு. எல்லாவற்றையும் வேகவைத்து அரைத்துக் குடலுக்குள் அடைத்தால் பூடான். வாங்கியவர்கள் யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதாகத் தெரியவில்லை. கடை வாசலிலேயே, காரின் மூடிமேல் காகிதத்தை விரித்து, நின்றபடி முடித்துவிடுகிறார்கள்.

"தோலக் கடிக்காத அக்கா. ஒரு பக்கத்த வாயில வச்சு இழு, உள்ள இருக்கறது தானா வந்துடும்."

வந்தது. காரம் குறைவு. மிளகு பின்னால் மெதுவாக ஏறுகிறது. ஹூஸ்டனில் 'கேஜன்' என்ற பெயரில் நான் இதுவரை தின்ற எதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அங்கே அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சிவப்புத் தூள். உருளைக்கிழங்கு வறுவலில் தூவினால் கேஜன் வறுவல், கோழியில் தூவினால் கேஜன் கோழி. வரிசை ரொம்ப நீளம். ஏன் இன்றைக்கு இவ்வளவு கூட்டம் என்று கேட்டேன்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமையில்ல? தவக்காலம். நாளைக்குக் கறி தொட மாட்டாங்க. அதான் இன்னைக்கே தீத்துடுறாங்க."

வெள்ளி

இதற்காகத்தான் வந்தேன்.

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. திறந்து சில வாரங்கள்தான் ஆகின்றன, இன்னும் கை படியவில்லை. முன்னால் டயர் கடையாக இருந்த இடம். இழுத்துத் திறக்கும் பெரிய இரும்புக் கதவை அப்படியே விட்டு, உள்ளே நீள மேசைகள் போட்டிருக்கிறார்கள். தரையில் எண்ணெய்க் கறை போகவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

பதினொன்றே காலுக்குப் போனோம், அதற்குள்ளேயே வரிசை கதவுக்கு வெளியே வந்துவிட்டது. எண்ணெய்க் கிணற்று வேலைச் சட்டையோடு நாலைந்து பேர், நீதிமன்றத்துப் பக்கமிருந்து கழுத்துப்பட்டியோடு இரண்டு பேர், பள்ளிச் சீருடையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்மார்கள். தெற்கு லூயிசியானா ஊறிய கத்தோலிக்க மண். தவக்கால வெள்ளிக்கிழமை மத்தியானம் கடல் உணவு விற்கிற எந்தக் கடையிலும் நெரிசல்தானாம். எதெல்லாம் மீன் கணக்கில் சேரும் என்பதிலும் இவர்கள் கெட்டிக்காரர்கள். முதலையைத் தவக்காலத்தில் சாப்பிடலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, 2010-இல் நியூ ஆர்லியன்ஸ் பேராயர் தாராளமாகச் சாப்பிடலாம், அது மீன் குடும்பம் என்று கடிதமே எழுதிக் கொடுத்திருக்கிறார். கடைப் பலகையில் முதலை வறுவலும் இருந்தது. நாங்கள் அதன் பக்கம் போகவில்லை.

வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர். எண்பதைத் தாண்டியிருப்பார். தன் நண்பரோடு பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது, காதுக்குப் பழக்கம் உண்டு. 'பொன்ழூர்' என்று தாத்தா வாசலில் குரல் கொடுக்கிற வீடு எங்களுடையது. பெரியவர் திரும்பி எந்த நாடு என்று கேட்டார். இந்தியா, அதிலும் 1954 வரை பிரெஞ்சுக் கொடி பறந்த ஊர் என்றேன். கண்ணை அகல விரித்தார். லூயிசியானாவையும் புதுச்சேரியையும் 1719 முதல் 1731 வரை ஒரே பிரெஞ்சுக் கம்பெனிதான் வைத்திருந்தது என்று தம்பி இடையில் புகுந்து சொன்னான். நூலகத்தில் சும்மா உட்காரவில்லை போலிருக்கிறது.

பெரியவர் பள்ளிக்குப் போன முதல் நாள் அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை தெரியாதாம். வெளிக்குப் போகவேண்டும் என்று கேட்கத் தெரியாமல் பெஞ்சிலேயே நனைத்துக்கொண்டதாகச் சொல்லிச் சிரித்தார். 1921-இல் எழுதிய மாநில அரசியல் சட்டம் பள்ளியில் ஆங்கிலம் மட்டும்தான் என்று ஆக்கிவிட்டது. பிரெஞ்சு பேசினால் அடி, அல்லது 'பள்ளி வளாகத்தில் பிரெஞ்சு பேச மாட்டேன்' என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டும். அந்தத் தண்டனை வாங்கிய தலைமுறை தன் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சைச் சொல்லித் தரவில்லை. இவரும் தரவில்லை. 1968-இல் மாநில அரசே பிரெஞ்சை மீட்க ஒரு அமைப்பு தொடங்கியது, இப்போது பேத்தி பள்ளியில் படிக்கிறாளாம். "என் உச்சரிப்பைத் திருத்துகிறாள்" என்றார். அதில் புகார் தொனி இல்லை, பெருமைதான்.

கல்லாவுக்கு மேலே சுண்ணாம்புக் கட்டியில் எழுதிய பலகை. முதல் வரியே 'லூயிசியானா இறால்' என்று பெரிய எழுத்தில். இது வெறும் பெருமைக்கு எழுதியதில்லை. அமெரிக்கர்கள் தின்னும் இறாலில் பத்தில் ஒன்பது பங்குக்குமேல் இறக்குமதி. சில வருஷங்களாக அதில் அதிகம் அனுப்பியது இந்தியா, பெரும்பாலும் ஆந்திரத்துக் குட்டைகளில் வளர்த்தது. விலையில் அதோடு போட்டி போட முடியாமல் இந்தக் கரையின் படகுக்காரர்கள் தவிக்கிறார்கள். இறக்குமதி இறாலோ கிராஃபிஷோ பரிமாறினால் உணவகம் அதை வாடிக்கையாளருக்குத் தெரியும்படி எழுதி வைக்க வேண்டும் என்று 2019-இல் மாநிலம் சட்டம் போட்டது. நாகப்பட்டினத்துப் பக்கத்துக் குட்டையில் வளர்ந்த இறாலும் இந்த ஊர் ரொட்டிக்குள் போயிருக்கக்கூடும் என்று நினைத்துப் பார்த்தேன். கல்லாவில் நின்ற பெண்ணிடம் இதையெல்லாம் பேசவில்லை, எனக்குப் பின்னால் முப்பது பேர் பசியோடு நின்றார்கள்.

"டிரெஸ்டு?" என்று கேட்டாள்.

"ஆமான்னு சொல்லு" என்றான் தம்பி.

சொன்னால் நறுக்கிய லெட்டூஸ், தக்காளி, ஊறுகாய் வெள்ளரி, மயோனைஸ் வரும். சொல்லாவிட்டால் ரொட்டியும் இறாலும் மட்டும். எனக்கு இறால் போபாய் (இந்த ஊர் நீள ரொட்டி சாண்ட்விச்) பாதி, அவனுக்குக் கெளுத்தி மீன் முழுசு, நடுவில் பங்கிட்டுக்கொள்ள எட்டூஃபே என்ற கிராஃபிஷ் குழம்பு ஒரு கிண்ணம், கண்ணாடிப் பாட்டிலில் ரூட் பியர் என்ற இனிப்புச் சோடா. 'பாதி' என்பது ஆறு அங்குலம்; இரண்டு வேளைக்கு வரும்.

உட்கார இடம் கிடைத்து, ரொட்டி வந்து சேர இருபத்தைந்து நிமிஷம். அதற்குள் இந்தப் போபாயின் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1929 ஜூலை முதல் தேதி நியூ ஆர்லியன்ஸ் டிராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பென்னி மார்ட்டின், குளோவிஸ் மார்ட்டின் என்று இரண்டு சகோதரர்கள். ஒரு காலத்தில் அவர்களே டிராம் நடத்துனர்கள். 1922-இல் அந்த வேலையை விட்டுப் பிரெஞ்சு மார்க்கெட்டில் காப்பிக் கடை போட்டவர்கள். போராட்டத்தில் நிற்கிற எங்கள் ஆட்களுக்குச் சாப்பாடு இலவசம் என்று தொழிற்சங்கத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கூட்டம் குவிந்தது. வாசலில் ஒரு தொழிலாளி தலை தெரிந்தாலே, பாவம், இன்னொரு ஏழைப் பையன் வருகிறான் என்று உள்ளே குரல் போகும். ஏழைப் பையன், ஆங்கிலத்தில் 'புவர் பாய்', பேச்சில் 'போபாய்'; பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

எனக்குக் கதையில் பிடித்த பாத்திரம் ரொட்டிக்காரர். அதுவரை பிரெஞ்சு ரொட்டி இரண்டு முனையும் கூம்பிப் போகும். சாண்ட்விச்சாக வெட்டினால் முனைத் துண்டு வீண், கிடைத்தவனுக்குப் பாதி வயிறு. ஜான் ஜென்டுசா என்ற ரொட்டிச் சுடுநர் மார்ட்டின் சகோதரர்களோடு பேசி, முனை முதல் முனை வரை ஒரே அகலத்தில் 40 அங்குல நீள ரொட்டி ஒன்றைச் செய்து கொடுத்தார். யாருக்கு எந்தத் துண்டு போனாலும் அளவு ஒன்றுதான். உள்ளே வைத்தது அந்தக் காலத்தில் இறால்கூட இல்லை. பெரும்பாலும் மாட்டிறைச்சித் துண்டும் குழம்பும், கையில் காசே இல்லாதவருக்கு வறுத்த உருளைக்கிழங்கின்மேல் அந்தக் குழம்பு.

ஆக இது நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பண்டம். அதைக் கேஜன் என்று பெயர்ப் பலகையில் போட்டு விற்கலாமா? நகரத்துக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்த மார்ட்டின் சகோதரர்கள் பிறந்து வளர்ந்தது ரேஸ்லண்டில், கேஜன் நாட்டுச் சதுப்போரத்தில். பிழைப்புத் தேடி நகரத்துக்குப் போன பையன்கள். அதனால் லஃபாயெட் கடைக்காரரும் கொஞ்சம் உரிமை கொண்டாடட்டும், விட்டுவிடலாம்.

ரொட்டி வந்தது. இந்த ஊரிலேயே சுட்டதாம். நியூ ஆர்லியன்ஸ் ரொட்டி தொட்டாலே பொறுபொறுவென்று உதிரும். இது அதைவிட மெது, மேல்தோல் மெல்லியது, கடித்தால் எதிர்க்காமல் விட்டுக்கொடுக்கிறது. இறாலைச் சோளமாவில் புரட்டிப் பொரித்திருக்கிறார்கள், ரொட்டி மூடவில்லை, பாதி இறால் காகிதத்தில் கிடக்கிறது. இறால் சின்னது, இனிப்பானது, பொரித்து இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. முதல் நாலு வாய் நான் பேசவில்லை.

அதற்கப்புறம் குறைகள் தெரிய ஆரம்பித்தன. மயோனைஸ் அதிகம், ரொட்டியின் அடி சீக்கிரம் நொந்துவிட்டது. பொரித்த இறாலின்மேல் மறுபடி ஒரு சிவப்புத் தூள் தூவியிருக்கிறார்கள். மாவிலேயே உப்பும் மிளகும் சரியாக இருக்கும்போது இது எதற்கு? வெளியூர்க்காரர் எதிர்பார்ப்பார்கள் என்று செய்கிறார்கள் போல. அந்த எதிர்பார்ப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. பக்கத்து ஓபலூசாஸில் பிறந்த பால் ப்ருதோம் 1979-இல் நியூ ஆர்லியன்ஸில் கடை திறந்தார். மீனை வெண்ணெயில் தோய்த்து, மசாலாவில் புரட்டி, பழுக்கக் காய்ந்த இரும்புச் சட்டியில் கருக்கி எடுக்கும் அவருடைய ரெட்ஃபிஷ், நாடு முழுக்கப் பைத்தியம் பிடிக்க வைத்தது. 1980-களின் பிற்பாதியில் அந்த மீனே அருகிப்போய், மெக்சிகோ வளைகுடாவில் வணிகத்துக்குப் பிடிக்கத் தடை போட வேண்டியதாயிற்று. ப்ருதோம் நல்ல சமையல்காரர். அவரைப் பார்த்துத் தூள் தூவக் கற்றுக்கொண்டவர்கள்தான் அதிகம்.

தம்பியின் கெளுத்தி பரவாயில்லை. மெல்லிசாக வெட்டிப் பொரித்திருந்தார்கள், சேற்று வாடை இல்லை. எட்டூஃபே நன்றாகவே இருந்தது: வெண்ணெயில் வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றையும் வதக்கி, கிராஃபிஷ் வால் சதையை அதன் கொழுப்போடு போட்டு மூடி வேகவிட்டது. காலையில் தண்ணீரில் இருந்ததை மத்தியானம் சோற்றில் போட்டுக் கொடுக்கிறார்கள். நேற்று பார்த்த வயலிலிருந்து கடை அரை மணி தூரம்.

ஆனால் சாப்பிட்டு முடிக்கும் வரை எனக்கு வேறொரு வாசனை வந்துகொண்டே இருந்தது. வெங்காயம் பழுப்பாகிற வாசனை, அதனடியில் பன்றி இறைச்சி. பலகையின் மூலையில் சின்னதாக எழுதியிருந்தார்கள்: 'பன்றி இறைச்சிக் குழம்பு போபாய், சனிக்கிழமை மட்டும்.' வெள்ளிக்கிழமை உள்ளே சமைக்கிறார்கள், வெளியே அத்தனை கத்தோலிக்கர்களும் இறாலைக் கடித்துக்கொண்டு அந்த வாசனையை முகர்கிறார்கள். வரிசையில் பார்த்த பெரியவர் எழுந்து போகும்போது சமையலறைப் பக்கம் கையை நீட்டி, இதுதான் தவம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நாளைக்கும் வருவோமாடா?"

"நீ கேக்கறதுக்கு முன்னாடியே தெரியும் அக்கா" என்றான்.

சனி

காலையில் வெர்மிலியன்வில். ஊருக்குள்ளேயே, ஆற்றோரம், பழைய கேஜன் வீடுகளைக் கொண்டுவந்து வைத்திருக்கும் திறந்தவெளி அருங்காட்சியகம். மரச் சட்டங்களுக்கு நடுவே, களிமண்ணையும் மரத்தில் தொங்கும் பாசியையும் குழைத்து அடைத்த சுவர்கள். வெயிலுக்கு நல்ல குளிர்ச்சி.

இந்த மக்கள் இந்த ஊர்க்காரர்கள் இல்லை. இன்று கனடாவிலிருக்கும் நோவா ஸ்கோஷியா பக்கம் குடியேறியிருந்த பிரெஞ்சுக்காரர்கள், அக்கேடியர்கள். பிரிட்டிஷ் அரசருக்கு நிபந்தனையில்லாத விசுவாசப் பிரமாணம் எடுக்க மாட்டோம் என்றதால் 1755-இல் தொடங்கி வீடுகளைக் கொளுத்திக் கப்பலேற்றிச் சிதறடித்தார்கள். பத்தாண்டு கழித்துச் சிறு குழுக்கள் லூயிசியானாவுக்கு வந்து சேர்ந்தன. 1785-இல் பிரான்சிலிருந்து ஏழு கப்பல்களில் சுமார் 1,600 பேர். அப்போது இங்கே ஆட்சி ஸ்பெயினுடையது. கோதுமை விளையாத சதுப்பில் அரிசி விளைந்தது, பன்றி வளர்ந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கைப்பக்குவம் சட்டியில் சேர்ந்தது. வெண்டைக்காய் வந்ததே அவர்களோடுதான். இதைச் சொல்லாமல் கேஜன் சமையல் என்று பேசுவது பாதிக் கதை.

மத்தியானம் கடையில் கூட்டம் நேற்றைக்குப் பாதிகூட இல்லை. நேரே பன்றிக் குழம்பு போபாய் இரண்டு சொன்னோம். வரிசை இல்லாததால் துணிந்து, எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். சமையலறையிலிருந்து கடைக்கார அம்மாளே வெளியே வந்தார். அறுபது வயது இருக்கும், முன்கையில் பழைய எண்ணெய்த் தழும்புகள். வா, பார் என்று உள்ளே கூட்டிப்போனார்.

கறுத்த வார்ப்பிரும்புச் சட்டி, அம்மாளின் பாட்டியுடையது. பன்றித் தோள்பட்டைக் கறியைப் பெரிய துண்டாகப் போட்டு, கிளறாமல், அடியில் ஒட்டவிடுகிறார்கள். ஒட்டிப் பழுப்பாகிக் கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் வெங்காயம். வெங்காயத் தண்ணீரில் அடி கரையும், மரக்கரண்டியால் சுரண்ட வேண்டும். தண்ணீர் வற்றும், மறுபடி ஒட்டும், மறுபடி ஒரு கை தண்ணீர், மறுபடி சுரண்டல். இப்படியே மூன்று மணி நேரம். மாவு இல்லை, தக்காளி இல்லை, தூள் என்று பார்த்தால் உப்பு, மிளகு, கொஞ்சம் காய்ந்த மிளகாய். அந்த நிறம் முழுக்க ஒட்டவிட்டுச் சுரண்டியதால் வந்தது. வெள்ளிக்கிழமை செய்து இரவு முழுக்க வைத்துவிடுவாராம். மீன்குழம்பை மறுநாள்தான் தொட வேண்டும் என்று சொல்கிற வீட்டில் வளர்ந்தவளுக்கு ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

வீட்டில் இதைச் சோற்றில் ஊற்றித்தான் சாப்பிடுவார்களாம். இந்தப் பக்கத்தில் வேலை நாள் மத்தியானச் சாப்பாடே அதுதான்: ஒரு தட்டு, சோறு, குழம்பு, பக்கத்தில் இரண்டு காய். ரொட்டிக்குள் வைக்கும் யோசனை மகனுடையது. அம்மாளுக்கு முழுச் சம்மதம் இல்லை. "சோற்றில் சாப்பிட்டால் இன்னும் நன்றாக இருக்கும்" என்று வாடிக்கையாளரிடமே சொல்லும் கடைக்காரரை நான் இதற்குமுன் பார்த்ததில்லை.

மேசைக்கு வந்தபோது ரொட்டியின் கீழ்ப்பாதி குழம்பில் முழுக்க ஊறியிருந்தது, மேல்பாதி லேசாக வாட்டி மொறுமொறுவென்று. லெட்டூஸ் கிடையாது, மயோனைஸ் கிடையாது. கொஞ்சம் ஊறுகாய் வெள்ளரி மட்டும். கறி விரல் பட்டால் நாராகப் பிரிகிறது. நேற்று இறாலுக்கு மெதுவாக இருந்து நொந்துபோன அதே ரொட்டி, இன்று குழம்புக்கு அளவெடுத்துச் செய்ததாக இருந்தது, உறிஞ்சிக்கொண்டது, கிழியவில்லை. இந்தக் கடை வேகமாகச் செய்வதெல்லாம் சுமார், மெதுவாகச் செய்வதெல்லாம் பிரமாதம். பெயர்ப் பலகையில் இறால் படம் போட்டிருக்கிறார்கள். நானாக இருந்தால் அந்தச் சட்டியைப் போட்டிருப்பேன்.

தம்பி காகிதத்தில் வழிந்த குழம்பை ரொட்டித் துண்டால் வழித்துக்கொண்டிருந்தான்.

"போன தடவ வந்தப்ப இதெல்லாம் சாப்பிடலியாடா?"

"வெள்ளிக்கிழமைதான் கிளாஸ் இல்ல. எப்பவும் எறால்தான் தின்னுட்டு இருந்தேன்."

இரண்டுக்கும் சேர்த்து வரியோடு 27 டாலர் சொச்சம். நேற்றைய இறாலைவிடக் குறைவு.

ஞாயிறு

கடைக்கு விடுமுறை. கிளம்பும்முன் ஸ்காட்டில் நிறுத்தி, பனிக்கட்டிப் பெட்டியில் ஆறு பவுண்டு பூடான் அடைத்துக்கொண்டேன். வழி முழுக்க மழை. லேக் சார்ல்ஸ் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்ததில் ஒரு மணி நேரம் போயிற்று.

ஹூஸ்டன் பக்கத்திலிருந்து போக நினைப்பவர்களுக்கு: பிப்ரவரி கடைசி முதல் மே வரை போனால் கிராஃபிஷ் நன்றாகக் கிடைக்கும், தவக்காலத்தில் விலை ஏறியிருக்கும். வெள்ளிக்கிழமை என்றால் பதினொன்றுக்கு முன்பே வரிசையில் நின்றுவிடுங்கள், தூள் வேண்டாம், மயோனைஸ் பாதி போதும் என்று சொல்லிவிடுங்கள், செய்து தருகிறார்கள். சனிக்கிழமை பன்றிக் குழம்பு இரண்டு மணிக்குள் தீர்ந்துவிடுகிறது. சோற்றோடு கேட்டால் பலகையில் இல்லாவிட்டாலும் அம்மாள் கொடுப்பார், முகம் மலரக் கொடுப்பார்.

மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்றும் தேறாது. சிவப்பு அவரையில் தொத்திறைச்சி கிடக்கும், கீரையில் பன்றி எலும்பு வெந்திருக்கும். உருளைக்கிழங்கு போபாய் இருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம், அதன் தலையில் ஊற்றுவது மாட்டிறைச்சிக் குழம்பு.